விரல் நுனியில் ஒரு படம்

(பத்தாம் வகுப்பு மாணவி, கண்டாச்சிபுரம்)



எங்கள் ஆயா, பால் கணக்கைக் கதவின் பின்புறம் கரிக்கோடுகளாக இழுத்து வைத்த காலத்தவர். அப்பாவோ சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகமும், காதில் ஒரு பேனாவுமாகத் திரிந்தவர். இன்று நமக்கு வேண்டிய செய்திகளில் பாதி காகிதத்தில் வருவதே இல்லை. கைபேசியின் கண்ணாடித் திரையில் தோன்றுகின்றன. இமைக்கும் நேரத்தில் மறைந்தும் விடுகின்றன. அவ்வாறு மறையும் திரையை அப்படியே நிறுத்திப் படமாக்கிக் கொள்வதற்குத்தான் ‘ஸ்கிரீன்ஷாட்’ என்று பெயர். ‘திரைப்பிடிப்பு’ என்று அழகு தமிழிலும் கூறலாம்.

பள்ளிக்குள் கைபேசி கொண்டு வர நமக்கு அனுமதி இல்லை. அது நம் நன்மைக்கே. ஆயினும் வீட்டிற்குச் சென்றால் அம்மாவின் கைபேசியைத் தொடாத பெண் நம்மில் யார்? ஆகவே, இந்தச் சிறு வித்தையின் வழிகளையும், அதனால் விளையும் நன்மை தீமைகளையும் நான் கண்டவரையில் எழுத முற்படுகிறேன்.

எத்தனை எத்தனை வழிகள்!

எங்கள் வீட்டில் மூன்று கைபேசிகள் உள்ளன. மூன்றும் மூன்று விதம். ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் தடுமாறும்.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பெரும்பாலும் செல்லும் பொது வழி, பக்கவாட்டில் உள்ள பவர் பொத்தானையும், ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்துவது. 2011-ஆம் ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 4.0 பதிப்பிலிருந்து இவ்வழி வந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பொத்தான் முந்திவிட்டால் ஒலி குறையும், அல்லது திரை அணைந்து விடும். இரண்டையும் ஒன்றாக அழுத்தி உடனே விட வேண்டும். கும்மியில் இரு கையும் ஒரே தாளத்தில் சேர்வது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஐபோனில் இந்த வசதி 2008-லேயே வந்துவிட்டது. அப்போது முகப்பில் இருந்த வட்டப் பொத்தானையும், பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ் கைபேசியில் அந்த வட்டப் பொத்தானே இல்லாமற் போயிற்று. அது முதல் அத்தகைய கைபேசிகளில் பக்கப் பொத்தானையும், ஒலியைக் கூட்டும் பொத்தானையும் அழுத்துகிறார்கள். ஆண்ட்ராய்டில் குறைப்பது, ஐபோனில் கூட்டுவது. இதை நினைவில் கொண்டால் குழப்பமில்லை. 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 பதிப்பில், கைபேசியின் முதுகில் இரண்டு முறை தட்டினாலே படம் எடுக்கும்படி அமைத்துக் கொள்ளவும் வழி செய்தார்கள்.

அக்காவின் கைபேசியில் மூன்று விரல்களைத் திரையில் வைத்து மேலிருந்து கீழாக இழுத்தால் போதும். விபூதிப் பட்டை போடுவது போல இருக்கிறது என்று ஆயா சிரிப்பார். ரெட்மி, ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்ற பல கைபேசிகளில் இவ்வழி உண்டு. சாம்சங் கைபேசிகள் பலவற்றில் உள்ளங்கையின் ஓரத்தைத் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு, பலகையைத் துடைப்பது போல் நகர்த்தினால் படம் விழும். இவற்றை முதலில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்று இயக்கி வைக்க வேண்டியிருக்கலாம்.

திரையின் உச்சியிலிருந்து விரலால் கீழே இழுத்தால், டார்ச், வைஃபை முதலிய சிறு சிறு கட்டங்கள் தோன்றும் அல்லவா? அவற்றில் ‘ஸ்கிரீன்ஷாட்’ என்ற கட்டமும் பல கைபேசிகளில் உண்டு. எங்கள் ஆயாவிற்கு விரல் மூட்டுகள் மடங்குவதில்லை. இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்துவது அவரால் ஆகாத காரியம். நான் அந்தக் கட்டத்தை முதல் வரிசைக்கு நகர்த்தி வைத்தேன். இப்போது துபாயில் இருக்கும் சித்தப்பா காணொளி அழைப்பில் வரும்போதெல்லாம் ஆயாவே அவர் முகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார். ஒருமுறை சித்தப்பா தும்மும்போது பிடித்த படம்தான் அவருக்கு மிகவும் பிடித்தது! கூகுள் உதவியாளரிடம் வாயால் சொல்லி எடுக்கும் வழியும் உண்டு. கண் பார்வை குன்றியோர்க்கும், கை வலுவிழந்தோர்க்கும் இது பேருதவி.

ஒரு திரையில் அடங்காத நீண்ட பக்கத்திற்கும் வழி உண்டு. படம் எடுத்தவுடன் கீழே தோன்றும் அம்புக்குறியையோ, ‘மேலும்’ என்ற பொருள்படும் பொத்தானையோ தொட்டால், பக்கம் கீழே நகர்ந்து ஒரே நீண்ட படமாக ஒட்டிக்கொள்ளும். சில நிறுவனங்களின் கைபேசிகளில் முன்பே இருந்த இவ்வசதி, 2021-இல் ஆண்ட்ராய்டு 12 பதிப்பில் பொதுவாக வந்தது.

உற்ற நேரத்தில் உதவியது

2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. வகுப்பறை, அம்மாவின் கைபேசிக்குள் அடங்கிவிட்டது. ஆசிரியை கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் சிக்னல் போய்விடும். திரும்பி வருவதற்குள் பலகை துடைக்கப்பட்டிருக்கும். பலகை நிறைந்த கணமே திரையைப் பிடித்து, பின்னர் நிதானமாக நோட்டில் எழுதக் கற்றுக் கொடுத்தவர் என் அக்கா. அந்த ஆண்டின் வகுத்தல் கணக்குகள் யாவும் எனக்கு அப்படிக் கிடைத்தவையே.

அதைவிடப் பெரிய உதவியை 2024-இல் கண்டேன். நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் தத்தளித்தன. அரகண்டநல்லூரில்தான் என் அத்தை வீடு. அத்தையின் அடுத்த வீட்டார், தாங்கள் எல்லோரும் எந்த மண்டபத்தில் தங்கியிருக்கிறோம் என்பதையும், ஒரு தொலைபேசி எண்ணையும் வாட்ஸ்அப் ‘ஸ்டேட்டஸ்’ பகுதியில் போட்டிருந்தார்கள். அது 24 மணி நேரத்தில் மறைந்து விடும். அக்கா அதைக் கண்டவுடன் மூன்று விரலால் இழுத்துப் பிடித்து வைத்தாள். சிறிது நேரத்திற்கெல்லாம் எங்கள் தெருவில் சிக்னலும் இல்லை, மின்சாரமும் இல்லை.

அப்பா அந்தப் படத்தைப் பார்த்து, மண்டபத்தின் பெயரையும் எண்ணையும், மாவட்ட அவசர எண்ணான 1077-ஐயும் தம் பழைய குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். “சார்ஜ் போயிட்டா படமும் இருட்டுதாம்மா, எழுதிக்கிட்டா நனையாம பாத்துக்கிட்டா போதும்” என்றார். நீர் வடிந்ததும் நேரே அந்த மண்டபத்திற்குச் சென்று அத்தையையும் குழந்தைகளையும் அழைத்து வந்தார். வீடு வீடாகத் தேடி அலையும் துன்பம் நேரவில்லை. புதுமையும் பழமையும் கைகோத்தால் எத்துணை நன்மை பாருங்கள்!

படம் பணமாகாது

ஆனால், தோழியரே, இதே வித்தை ஏமாற்றுவோர் கையிலும் இருக்கிறது.

என் அம்மா பேருந்து நிறுத்தத்தின் அருகே ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் மாலை, கடையில் கூட்டம் நெரிந்த நேரம். ஒருவர் எண்ணெய், பருப்பு, சோப்பு என்று 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கினார். “பணம் அனுப்பிட்டேங்க்கா” என்று கைபேசியைக் காட்டினார். பச்சை நிறக் குறியும், 640 என்ற எண்ணும், கடையின் பெயரும் அதில் தெளிவாக இருந்தன. இரவு கணக்குப் பார்த்தபோது அந்தப் பணம் வரவே இல்லை. அவர் காட்டியது பணம் அனுப்பிய திரை அன்று. திருத்திச் செய்த ஒரு படம்! அம்மாவிற்கு ஒரு நாள் லாபமே அவ்வளவு வராது. அன்றிரவு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்ற பழமொழியின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. திரைப்பிடிப்பு என்பது ஒரு படமே. எந்தப் படத்தையும் போல அதையும் மாற்றலாம். நேற்றையதை இன்று காட்டலாம். பணம் வந்ததா என்பதை வாங்குபவரின் கைபேசியில் அல்ல, நம் கணக்கில்தான் பார்க்க வேண்டும். இப்போது எங்கள் கடையில், வந்த தொகையைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது. யாரேனும் கைபேசியை நீட்டினால் அம்மா புன்னகையுடன், “படம் வேணாம்ணா, பொட்டி பேசட்டும்” என்பார். உண்மையாகப் பணம் அனுப்பியவர் எவரும் அதற்குக் கோபித்துக் கொண்டதில்லை.

பிறர் மனம் நம் கையில்

பெண்களாகிய நாம் மிக மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எங்கள் உறவில் ஒரு பெண். வேறோர் ஊரில் படிக்கிறாள். தன் வீட்டுக் கடன் தொல்லையையும், இரவில் கேட்கும் சண்டையையும் ஒரே ஒரு தோழியிடம் நம்பி எழுதினாள். அத்தோழி அதைத் திரைப்பிடிப்பு எடுத்து, வகுப்புப் பெண்கள் இருந்த குழுவில் போட்டுவிட்டாள். விளையாட்டாகச் செய்தாளோ, வேண்டுமென்றே செய்தாளோ! அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கே போகவில்லை. வீட்டு வறுமை அவளை அவ்வளவு வருத்தவில்லை. வெளியில் வந்த அந்தப் படமே வருத்தியது.

வாட்ஸ்அப் உரையாடலை ஒருவர் படம் பிடித்தால், எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது. ‘ஒரு முறை மட்டும் பார்’ என்று அனுப்பும் படங்களைத் திரைப்பிடிப்பு எடுக்க முடியாதபடி 2022-இல் தடை கொண்டு வந்தார்கள். ஆனால் இன்னொரு கைபேசியின் கேமராவால் அத்திரையைப் படம் எடுப்பதை யார் தடுப்பது? எனவே இரண்டு உறுதிகளை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரார் முன் படிக்கத் தகாததைக் கைபேசியில் எழுத வேண்டாம். நேரில் அமர்ந்து பேசுவோம். பிறர் நம்மை நம்பி எழுதியதை அவர் சம்மதமின்றிப் படம் பிடித்து எவருக்கும் அனுப்ப வேண்டாம்.

அதே வேளையில், இது நமக்குக் கவசமும் ஆகும். முன்பின் அறியாதவர் எவரேனும் தகாத சொற்கள் எழுதினாலோ, மிரட்டினாலோ, அஞ்சி அழித்து விடாதீர்கள். அனுப்பியவரின் எண், நாள், நேரம் மூன்றும் தெரியும்படி திரையைப் பிடியுங்கள். மூலச் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். உடனே அம்மாவிடமோ, ஆசிரியையிடமோ, சகோதரிகளிடமோ காட்டுங்கள். இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற எண்ணும் உள்ளன. பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மகள் கைபேசியைக் கொண்டுவந்து காட்டும்போது முதலில் அவள் சொல்வதைக் கேளுங்கள், திட்டுவது பிறகு இருக்கட்டும். திட்டு விழும் என்ற பயத்தால்தான் பல பெண்கள் மறைக்கிறார்கள்.

வங்கிச் செயலிகள் பலவற்றில் திரைப்பிடிப்பு எடுக்க முயன்றால், முடியாது என்ற அறிவிப்பு வரும். அல்லது கறுப்புப் படம் விழும். கைபேசி பழுதில்லை, நம் கணக்கைக் காக்கவே அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஓ.டி.பி. எண், ஆதார் அட்டை, கடவுச்சொல் ஆகியவற்றைப் படமாக்கி வைப்பதும், பிறருக்கு அனுப்புவதும் ஆபத்தே.

பிடித்தால் போதுமா?

இவ்வாண்டு நமக்குப் பொதுத்தேர்வு ஆண்டு. வினாத்தாள்கள், சூத்திரங்கள், வரைபடங்கள் என்று அக்காவின் கைபேசியில் எனக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் திறந்து, வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு, எழுதியதை அழித்து விடுகிறேன். இதனால் கைபேசியில் இடமும் மிச்சம்; மனத்தில் பாடமும் மிச்சம். எடுத்ததோடு விட்டுவிட்டால், வாங்கி வந்து பிரிக்காமல் வைத்த புத்தகத்திற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? படம் பிடித்த பாடம் வேறு, படித்த பாடம் வேறு அல்லவா?

ஆகவே, அருமைத் தோழியரே, விரல்களுக்கு இவ்வித்தையைப் பழக்குவோம். நம் தாத்தா, ஆயாமார்க்கும் பொறுமையுடன் கற்றுக் கொடுப்போம். பொத்தானை அழுத்தும் முன், ‘இது யாருடையது? யாருக்கு நன்மை?’ என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். வாழ்க நம் தோழமை!