பாறையருகே ஏழு பேர்

தில்லியில் வாழும் நம்மவர், ஊரிலிருந்து வரும் சுற்றத்தார்க்குச் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் காட்டிக் காட்டிக் கால் சலித்தவர்கள். ஆயின், கிழக்குக் கைலாஷ் பகுதியில் ஒரு பாறைமேல் அசோக மன்னனின் சாசனம் இருப்பதை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. 1966ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அது, பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் பத்து வரிகளாக அமைந்தது.

அதனைப் பேண ஒரு சங்கம் அமைப்போம் என்று சில குடும்பத்தார் கூடினோம். 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்திற்கு ஏழு பேர் போதும். பெயர் கொடுக்க எழுவர் இருந்தோம். செயலாளராகத்தான் ஒருவரும் முன்வரவில்லை. நாங்கள் மத்திய அரசின் எழுத்தர்கள் அல்லவா? தேர்ந்தெடுக்கப்படும் பதவியை ஏற்கவும், நிதி திரட்டவும் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு எழுத அஞ்சியே ஓராண்டைக் கழித்தோம்.

இதற்கிடையே ஒரு ஞாயிறன்று, வாளியும் தூரிகையுமாகப் பாறையைக் கழுவப் புறப்பட்டோம். காவலர் வாயிலிலேயே தடுத்தார். "தேய்த்தால் எழுத்துத் தேயும், பாபுஜி" என்றார். பட்டம் பெற்ற எங்களுக்குத் தோன்றாத உண்மை அது. உறுப்பினர் பெயர் பொறித்த கல்மண்டபம் ஒன்று கட்டும் திட்டமும் அவ்வாறே முடிந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாதென்பது 2010இல் திருத்தப்பட்ட சட்டம். தொண்டு செய்ய வந்தோர் முதலில் கற்க வேண்டியது கையை அடக்குதலே என்று உணர்ந்தோம்.

பின்னரே சாசனத்தின் பொருளைக் கேட்டறிந்தோம். பௌத்த நெறியை ஏற்ற பின்னும் தொடக்கத்தில் தான் முனைந்து முயலவில்லை என்று மன்னனே ஒப்புக்கொள்கிறான். முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டும் உரியதன்று, எளியோர்க்கும் உண்டு என்கிறான். கேட்டபோது எங்களுக்கு நாணமாக இருந்தது. மறுநாளே அனுமதி வேண்டி ஒருவர் விண்ணப்பம் எழுதினார்.

இன்று மாதம் ஒருமுறை இரு குடும்பங்கள் அங்குச் செல்கின்றன. வேலிக்கு வெளியே கிடக்கும் குப்பையை அகற்றுகிறோம். புதிய விரிசலோ கிறுக்கலோ கண்டால், நாளிட்டுக் குறிப்பேட்டில் எழுதித் தொல்லியல் துறைக்குக் கடிதம் அனுப்புகிறோம். எங்களுக்கு நன்கு தெரிந்த வேலை இதுதானே!

சென்ற முறை, தமிழ் படிக்கத் தெரியாத எங்கள் சிறுமி ஒருத்தி, "அப்பா, கல்லில் கூட்டல் குறி!" என்றாள். அது 'க' என்றோம். மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ்க் கல்வெட்டுகளிலும் 'க' அவ்வடிவினதே என்றும் சொன்னோம். வீடு திரும்பியதும், இப்போதைய 'க'வை எழுதிக் காட்டும்படி கேட்டாள்.

குறிப்பேட்டில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் மிகுதி. வரும் மாதங்களுக்குக் குடும்பங்கள் தேவை. வாளி வேண்டா, பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.