எங்கள் வீட்டுக் குட்டியானை

யானை என்றதும் தோழியருக்குக் கோயில் யானை நினைவுக்கு வரலாம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருவோருக்கு, இரவில் காட்டைவிட்டு இறங்கிக் கேழ்வரகு வயலை மிதித்துப் போகும் காட்டு யானை நினைவுக்கு வரலாம். நாங்கள் எழுதப்போவதோ நான்கு சக்கரங்கள் உள்ள யானையைப் பற்றி. 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறிய சரக்கு வண்டியை வெளியிட்டது. நம் மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் சூட்டினார்கள். லாரி நுழையாத சந்திலும் அது நுழையும். எங்கள் வீட்டிற்குச் சோறு போடுவது அதுதான்.

'நாங்கள்' என்றால் யார் என்று கேட்பீர்கள். அம்மா, கல்லூரியில் வணிகவியல் படிக்கும் அக்கா, இப்பள்ளியில் பத்தாம் வகுப்பில் இருக்கும் இளையவள் ஆகிய மூவருமே அந்த 'நாங்கள்'.

ஓசூரில் பார்சல் தொழில் ஏன் தழைத்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். 1971இல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொழிற்பேட்டை ஓசூருக்கு வந்தபின், ஒரு சிற்றூரின் தலையெழுத்தே மாறியது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. அசோக் லேலண்டு வந்தது. டைட்டன் கடிகாரம் வந்தது. ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தால் அதற்குத் திருகாணியும், ரப்பர் வளையமும், அட்டைப்பெட்டியும் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் சுற்றிலும் நூற்றுக்கணக்கில் முளைக்கும் அல்லவா? ஒரு பட்டறையில் கடைந்த பொருள் மற்றொன்றில் முலாம் பூசப்பட்டு, மூன்றாவதில் பொருத்தப்படும். இவற்றுக்கிடையே ஓடுவதுதான் எங்களைப் போன்றோரின் வேலை. வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. தெற்கே 50 கிலோமீட்டரில் கிருஷ்ணகிரி. ஆதலால் இங்கே சரக்கு கொண்டுசெல்பவருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நாவில் இருக்கவேண்டும்.

அப்பா இரண்டு குட்டியானைகளும் ஒரு மொபெட்டும் வைத்துத் தொழில் நடத்தினார். இரண்டு ஓட்டுநர்கள். மூத்தவரை மாமா என்றும், இளையவரை அண்ணன் என்றும் அழைப்போம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லை மூடப்பட்டது, பட்டறைகள் நின்றன, வண்டிக் கடன் மட்டும் நிற்கவில்லை. அதிலிருந்து மெல்ல எழுந்த வேளையில், பட்ட காலிலே படும் என்பதுபோல், 2023 ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் குழறியது.

அப்பா மருத்துவமனையில் கிடந்த மூன்று வாரங்களில் தொழில் சரிந்தது. யாரிடம் எந்தச் சரக்கை எடுப்பது என்று சொல்ல ஆளில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதத் தவணை கட்டவில்லை. டீசல் போட்ட கடையில் பாக்கி. வீட்டிற்கு வந்த பெரியப்பா, "வண்டிகளை விற்றுவிடு அம்மா. பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு உனக்கு இந்த லாரித் தொழில் எதற்கு?" என்றார். அவர் அன்பினால்தான் சொன்னார். அம்மா அதுவரை வங்கிக்குக்கூடத் தனியே போனதில்லை. ஆயினும், "மூன்று மாதம் பொறுங்கள் அத்தான். அதற்குள் முடியாவிட்டால் நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்" என்று பதில் சொன்னார்.

அன்றிரவே அப்பாவின் பழைய குறிப்பேடுகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்தோம். அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இளையவள் எட்டாம் வகுப்பு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கிடைத்த வாடகையை ஒருபுறமும், டீசல், சுங்கம், ஓட்டுநர் படி ஆகியவற்றை மறுபுறமும் எழுதினோம். விடிவதற்குள் உண்மை தெரிந்துவிட்டது. பதினொரு வாடிக்கையாளர்களில் மூவருக்கு ஓடுவதால் எங்களுக்கு நட்டமே! காரணம், வண்டி பெங்களூருக்குச் சுமையுடன் போய்த் திரும்புகையில் காலியாக வந்தது. 40 கிலோமீட்டருக்குக் கூலி, 80 கிலோமீட்டருக்கு டீசல். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில் இது கட்டுமா?

ஆகவே திரும்பும் சுமையைத் தேடினோம். அம்மா தொலைபேசியில் கன்னடத்தில் பேசி, பெங்களூரில் மொத்த வியாபாரம் செய்யும் மின்சாதனக் கடை ஒன்றையும் மருந்துக் கடை ஒன்றையும் பிடித்தார். ஓசூர்க் கடைகளுக்கு வரவேண்டிய பெட்டிகள் எங்கள் வண்டியிலேயே வரத் தொடங்கின. மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரிக்குப் போனால் கூழ் ஆலைகளில் வேலை இருக்கும் என்று மாமா சொன்னார். பெங்களூரா மாங்காயைப் பிழிந்து தகரத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகள் அங்கே நிறைய உண்டு. அவற்றுக்கு ஆள் உடையும் உதிரிப் பொருளும் கொண்டுசெல்லும் வேலை, அடுத்த கோடையில் எங்களைத் தாங்கியது.

சட்டமும் கற்கவேண்டியிருந்தது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஜூஜூவாடியில் மணிக்கணக்காக நின்ற வரிசை குறைந்தது. ஆனால் 2018 ஏப்ரல் முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க 'இ-வே பில்' வேண்டும். அதில் வண்டி எண் ஓர் எழுத்து மாறினாலும் வழியில் நிறுத்திவிடுவார்கள். ஆகையால் வண்டி கிளம்புமுன் அந்தச் சீட்டைச் சரிபார்ப்பது இளையவளின் காலை வேலையாயிற்று. அதன்பிறகே பள்ளிச் சீருடை!

எல்லாவற்றிலும் கடினமானது பாக்கி வசூல். டீசலுக்குக் கையில் காசு வேண்டும். வாடகையோ மாதங்கள் கழித்துத்தான் வரும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிற்கூடம் ஏழு மாதமாகப் பணம் தரவில்லை. சிறு தொழில் செய்வோருக்கு 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் கூட்டு வட்டியும் சேர்த்துத் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதை அக்கா கண்டுபிடித்தாள். அதற்கு 'உத்யம்' பதிவு தேவை, கட்டணமில்லை. உடனே பதிவு செய்தோம். ஆனால் பதிவுக்கு முந்திய வேலைக்கு அச்சட்டத்தைக் காட்ட முடியாது என்று கணக்காளர் ஒருவர் விளக்கினார். ஆகவே அம்மா நேரில் போனார். மேலாளர் இல்லை என்றார்கள். "வரும்வரை இருக்கிறேன்" என்று வாயிற்காவலர் அறையருகே அமர்ந்தார். மூன்று நாட்கள் அப்படியே சென்றார். கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை. நான்காம் நாள் பாதிப் பணம் வந்தது. மீதி பொங்கலுக்கு முன் வந்தது.

இருந்தும் இரண்டு வண்டிகளின் தவணையைத் தாங்க முடியவில்லை. ஒன்றை விற்றுக் கடனை அடைத்தோம். ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் எதற்கு? ஒன்பது ஆண்டுகள் எங்களோடு உழைத்த அண்ணனை அனுப்பவேண்டியதாயிற்று. அம்மா நான்கு இடங்களில் சொல்லி, சூளகிரி அருகே அவருக்கு ஒரு வேலை தேடிக்கொடுத்த பிறகே அனுப்பினார். "வருத்தப்படாதீங்க அக்கா, வண்டி வாங்கும்போது கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று மாதம் முடிந்தபோது பெரியப்பா வந்தார். குறிப்பேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்றும் கணக்கு எழுதுவது அந்தப் பேனாவால்தான்.

உலகில் பெரிதாக வளர்ந்த சரக்கு நிறுவனங்களும் சிறிதாகவே தொடங்கின என்பதை நூலகத்தில் படித்தோம். 1907இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜேம்ஸ் கேசி என்னும் பத்தொன்பது வயது இளைஞர் நூறு டாலர் கடன் வாங்கிச் செய்தி கொண்டுசெல்லும் தொழில் தொடங்கினார். நடந்தும் மிதிவண்டியிலும் ஓடிய அத்தொழிலே இன்றைய யுபிஎஸ் நிறுவனம். நம் அண்டை மாநிலத்தில் விஜய் சங்கேஷ்வர் 1976இல் ஒரே ஒரு லாரியுடன் தொடங்கினார். இன்று அவருடைய விஆர்எல் நிறுவனத்திற்கு ஆயிரக்கணக்கான வண்டிகள். நாங்கள் அவ்வளவு பெரிதாக வருவோமா என்பது தெரியாது. ஆனால் அவர்களிடம் பொதுவான ஒன்று எங்களுக்கும் புரிந்தது. வாடிக்கையாளர் வாங்குவது வண்டியை அன்று. சொன்ன நேரத்தில் பொருள் வரும் என்ற நிம்மதியைத்தான். வண்டி தாமதமாகும் என்றால், அவர்கள் கேட்குமுன் நாங்களே அழைத்துச் சொல்லிவிடுகிறோம். விட்டுப்போன இருவரில் ஒருவர் இதற்காகவே திரும்பி வந்தார்.

அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். இடது கையால் எழுதப் பழகிவிட்டார். மாலையில் அடுத்த நாள் வழியை அவர்தான் வரிசைப்படுத்துகிறார்: எந்தப் பட்டறை முதலில், எந்தத் தெருவில் பள்ளி விடும் நேரம், எங்கே வண்டியைத் திருப்பலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் முதலாளி, அம்மா மேலாளர், நாங்கள் இருவரும் எழுத்தர்கள்!

அன்புத் தோழியரே, கணக்குப் பாடத்தில் இலாப நட்டம் வரும்போது அது தேர்வுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டுத் தொழில் தையற்கடையோ, பெட்டிக்கடையோ, ரோஜாத் தோட்டமோ எதுவாயினும், அதன் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். துன்பம் வந்தபின் கற்பதைவிட வருமுன் கற்பது எளிது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

வண்டிக் கடன் இவ்வாண்டு முடிகிறது. முடிந்தவுடன் இன்னொரு குட்டியானை வாங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். அதன் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. சூளகிரிக்கு முதல் தொலைபேசி அழைப்பு போகும்.