ஒரு மில்லிக்கு 800 ஸ்டெப்

கோவை கணபதியில் கார் ஷெட்டையே பட்டறையாக மாற்றிக்கொண்டவர் அவர். பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையால் சுற்றி ஓட்டும் சின்ன மில்லிங் மெஷினில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நேமா 23 ஸ்டெப்பர் மோட்டார்களை மாட்டி சி.என்.சி. ஆக்கியிருக்கிறார். நான் போனபோது எக்ஸ் அச்சை அளவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

கணக்கு எளிது. மோட்டார் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்பும். முழுச் சுற்றுக்கு 200. டிரைவரில் ஒவ்வொன்றையும் எட்டாகப் பிரித்தால் 1600. ஒரு சுற்றுக்கு லீட் ஸ்க்ரூ டேபிளை 2 மி.மீ. நகர்த்தும். ஆக, மில்லிக்கு 800. ஆர்டுயினோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் அதைத்தான் போட்டிருந்தார்.

மேக்னெடிக் பேஸில் டயல் கேஜை நிறுத்தினார். “தண்டு டேபிள் போற திசைக்கு நேரா இருக்கோணும் தம்பி. சாஞ்சா அளவு தப்பாக் காட்டும்.”

முன்னால் நகர்த்திய டேபிளை அப்படியே 10 மி.மீ. திரும்பி வரச் சொன்னார். மோட்டார் சுற்றத் தொடங்கிவிட்டது, முள் அசையவில்லை. பிறகுதான் கிளம்பியது, 9.88-ல் நின்றது.

பலர் சறுக்குவது இங்கேதான். 0.12 குறைகிறதே என்று 800-ஐ 810 ஆக்கிவிடுவார்கள். அந்த 10 மி.மீ. சரியாக வந்துவிடும். ஒரே திசையில் 200 மி.மீ. போகச் சொன்னாலோ இரண்டரை மில்லி தாண்டிப் போய் நிற்கும். ஏனென்றால் அந்த 0.12, ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் உள்ள ஆட்டம், பேக்லாஷ். எவ்வளவு தூரம் போனாலும் அது கூடாது, குறையாது. திசை திரும்பும்போது மட்டும் தலைகாட்டும். வட்டம் வெட்டினால் நான்கு இடங்களில் தழும்பு விழுவதும் இதனால்தான். ஜிஆர்பிஎல்லில் இதை ஈடுகட்டும் வசதி கிடையாது. அவர் ஸ்பேனரை எடுத்து, பிளவு விட்ட பித்தளை நட்டை இறுக்கினார். 0.05-க்கு இறங்கியது. அதற்கு மேல் இறுக்கினால் மோட்டார் திணறும் என்று நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகே அளவு. டேபிளில் ஒரு கட்டையைப் பிடித்து, அதற்கும் டயலுக்கும் இடையே 50 மி.மீ. ஸ்லிப் கேஜை வைத்து, ஒரே திசையில் நெருங்கிவந்து முள்ளைச் சுழியத்தில் நிறுத்தினார். கேஜை உருவிவிட்டு அதே திசையில் 50 மி.மீ. நகர்த்தினார். முள் சுழியத்துக்கு இரண்டு கோடு முன்பே நின்றது, 49.98. 800-ஐ 50-ஆல் பெருக்கி 49.98-ஆல் வகுத்தால் 800.32. இந்தத் திருத்தம் நியாயமானது.

ஸ்டெப்பர் மோட்டார் ஸ்டெப்பை விட்டுவிட்டால் கன்ட்ரோலருக்குத் தெரியாது. அதனால் டேபிளை வேகமாகப் பலமுறை போகவர ஓடவிட்டுப் பார்த்தார். முள் சுழியத்துக்குத் திரும்பவில்லை. ஆக்ஸலரேஷனைப் பாதியாக்கினார், இப்போது திரும்பியது. வேகத்துக்கு ஆசைப்படாமல் அந்த அளவிலேயே விட்டது எனக்குப் பிடித்திருந்தது. டயலைக் கழற்றி ஒய் அச்சுக்கு மாற்றினார். அங்கே ஆட்டம் 0.2 காட்டியது.