ரேச்சலின் கேள்விகள்

1849 பிப்ரவரி 1. தாமஸ் ஹக்ஸ்லி சிட்னியிலிருந்து அம்மாவுக்குப் பதில் எழுதுகிறார். அம்மாவின் கடிதம் முந்தின செப்டம்பரில் எழுதியது. இந்தப் பதில் இங்கிலாந்து போய்ச் சேர இன்னும் சில மாதம் கப்பலில் கிடக்க வேண்டும். ஒரு தாய் கேட்ட கேள்விக்குப் பதில் கைக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம்.

மகனுக்கு வயது 23. ராட்டில்ஸ்நேக் என்ற கடற்படைக் கப்பலில் உதவி அறுவை மருத்துவர். 1846 டிசம்பரில் பிளிமத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல். வடகிழக்கு ஆஸ்திரேலியக் கரையையும் நியூ கினியின் தென்கரையையும் அளந்து வரைபடம் போடுவது அதன் வேலை. பிற்காலத்தில் டார்வினுக்காக வாதாடிய அதே ஹக்ஸ்லிதான்.

கேள்விகள் எதைப் பற்றி? சிட்னியில் அவர் நிச்சயம் செய்துகொண்ட நெட்டியைப் பற்றி. வயது என்ன, நிறம் எப்படி, முகம் எப்படி. நம் வீடுகளில் கேட்கும் அதே வரிசை! மகனும் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்: தன்னைவிடச் சில மாதம் இளையவள், நல்ல சிவப்பு, மஞ்சள் முடி, நீலக் கண். அழகியா என்பது மட்டும் தனக்கே தெரியவில்லையாம். அம்மாவின் கடிதத்தில் பெரும்பகுதியை நெட்டிக்கு வாசித்துக் காட்டியதாகவும் எழுதுகிறார். வாசிக்காமல் விட்ட பகுதியில்தான் என் மனம் நிற்கிறது.

தாமஸின் மகன் லியனார்டு ஹக்ஸ்லி 1900இல் வெளியிட்ட தந்தையின் வாழ்க்கை வரலாற்றில் இந்த உரையாடலின் தாமஸ் பக்கம்தான் இருக்கிறது. பதில்களைப் பிடித்துக்கொண்டே தாயின் குரலைக் கேட்க வேண்டும்.

ரேச்சல் ஹக்ஸ்லி. பள்ளி ஆசிரியரின் மனைவி. ஒல்லியான உடல், துளைத்துப் பார்க்கும் கறுப்புக் கண்கள். நொடியில் முடிவுக்கு வந்துவிடுவார். எப்படி என்று கேட்டால், பளிச்சென்று தோன்றிவிடுகிறது, நான் என்ன செய்ய என்பாராம். உடலாலும் புத்தியாலும் தான் அம்மா பிள்ளை என்று ஹக்ஸ்லியே எழுதிவைத்திருக்கிறார். அம்மா செத்துப்போவாளோ என்ற பயத்தில் சிறு வயதில் இரவெல்லாம் விழித்து அழுததையும், அவள் மெச்சியதுதான் தனக்குப் பெரிய பரிசு என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

மொரீஷியஸிலிருந்து 1847 மே மாதம் எழுதிய கடிதம் எனக்குப் பிடித்தது. பால், வர்ஜீனியா என்ற கதைக் காதலர்களின் கல்லறையைத் தேடிப் போயிருக்கிறார். தீவை ஏதேன் தோட்டமாக்கி அம்மாவிடமே கேலி பேசுகிறார். 1935இல் அச்சேறிய கப்பல் நாட்குறிப்பில் வேறு ஆள் தெரிகிறார்: வெக்கை, சலிப்பு, நாள்கணக்கில் நீளும் மனச்சோர்வு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவுக்கு எழுதும்போது இப்படித்தான் பொறுக்கி எழுதுகிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கப்பலில் கடலுயிர்களை ஆராய்ந்து மகன் லின்னேயன் சங்கத்துக்கு அனுப்பிய கட்டுரைகளுக்குப் பதிலே இல்லை. ஜெல்லி மீன்களைப் பற்றிய கட்டுரை கப்பல் தலைவர் ஓவன் ஸ்டான்லியின் தந்தையான நாரிச் ஆயர் வழியாக ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குப் போய், 1849இல் அச்சானது. கட்டுரை எழுதியவருக்கு அது தெரிந்தது 1850 கடைசியில் ஊர் திரும்பிய பிறகுதான்.

இங்கே இன்னொரு தாயையும் நினைக்க வேண்டும். கேத்தரின் ஸ்டான்லி, அந்த ஆயரின் மனைவி. 1849 ஆகஸ்டில் ஹோபார்ட்டில் ஒரு மகன் சார்லஸ் இறந்தார், செப்டம்பரில் கணவர், 1850 மார்ச்சில் சிட்னித் துறைமுகத்தில், கப்பலிலேயே, ஓவன். அதே கடல்வழித் தபால்தான் அந்த வீட்டுக்கும் செய்தி கொண்டுபோனது.

ரேச்சலுக்கு மகன் திரும்பி வந்தார். 1851இல், 26 வயதில், ராயல் சொசைட்டி உறுப்பினர். அதைத் தாய் பார்த்தார். 1852 ஏப்ரலில் திடீரென்று இறந்தார். அமெரிக்காவில் இருந்த அக்கா லிஸ்ஸிக்கு அதை எழுதும் வேலை தாமஸுக்கு வந்தது. அந்த நவம்பரில் சொசைட்டியின் ராயல் பதக்கம். நெட்டி இங்கிலாந்து வந்து கல்யாணம் நடந்தது 1855இல்.