அலை பாடும் ஊரில்

கல்யாண நாளைக் கொண்டாடுவதற்கு எங்கள் பொதட்டூர்பேட்டையில் பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. பஸ் ஏறித் திருத்தணிக்குப் போய், 365 படிகளையும் ஏறி, முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஆயிற்று. முப்பத்தொன்பது ஆண்டுகள் அப்படித்தான் கழிந்தன. நாற்பதாவது ஆண்டில் என் மனைவியின் முழங்கால்கள் வேலைநிறுத்தம் செய்தன.

"படி இல்லாத ஊரா ஒண்ணு பாருங்க" என்றாள். எனக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது.

மயிலாடுதுறையில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பின்னர் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. வாணிபமும் அங்கேயே போய்விட்டது. தரங்கம்பாடிக்கு மிஞ்சியது அமைதிதான்.

மாலையில் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். பாண்டியன் காலத்துக் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது; ஒரே நாளில் அல்ல, சிறுகச் சிறுக.

"தரங்கம்பாடி என்றால் அலைகள் பாடும் ஊர் என்று அர்த்தம் சொல்கிறார்கள்" என்றேன், கடலைப் பார்த்தபடி. பதில் இல்லை. மறுபடியும் சொன்னேன். அப்போதும் இல்லை. கோபமோ என்று திரும்பினேன். அவள் அமைதியாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

"காதில் விழவில்லையா?"

"என்னங்க?" என்று என் உதடுகளைப் பார்த்தாள்.

எங்கள் ஊரில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். தெருவுக்குத் தெரு விசைத்தறி. தறிக்கூடத்து ஓசை தொண்ணூறு டெசிபெலைத் தாண்டும். நாள்தோறும் எட்டு மணி நேரம் அதில் நிற்பவர்களுக்கு ஆண்டுகள் செல்லச் செல்லச் செவி மங்கும். மெல்லிய, கூர்மையான ஒலிகள்தாம் முதலில் விடைபெறும். இதெல்லாம் நான் படித்து அறிந்த விஷயம். என் எழுத்து சோறு போடாத நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் ஓட்டிய தறியால். இது நான் படிக்காமலே அறிந்த விஷயம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

"அலைச் சத்தம் கேட்கிறதா?"

"கும்முனு விழறது கேக்குது. திரும்பிப் போறப்போ சத்தம் வருமா என்ன?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "எத்தனை நாளாக இப்படி?"

"ஏழெட்டு வருஷம் இருக்கும்."

"சொல்லக் கூடாதா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? முகத்தைப் பார்த்துப் பேசினா எல்லாம் புரியும். நீங்கதான் பேப்பருக்குள்ளே தலையை வெச்சுக்கிட்டுப் பேசறீங்க."

குறையாகச் சொல்லவில்லை, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்வதுபோல் சொன்னாள். பெண் மனத்தை அறிந்தவன் என்று வாசகர்கள் எனக்கு எழுதிய கடிதங்களை ஒரு பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டி அப்போது நினைவுக்கு வந்தது.

திருத்தணி போகிற வழியிலேயே காது வைத்தியர் இருக்கிறார். அடுத்த வாரம் போகிறோம். கருவி வைத்தால் எவ்வளவு திரும்புமோ, அவர்தான் சொல்ல வேண்டும்.

அன்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளுக்கு எதிரே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"கடலைப் பார்க்க வந்துட்டு இதென்ன?" என்றாள்.

"நீ பார்த்துச் சொல்லு" என்றேன்.

சொல்லத் தொடங்கினாள். இருட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.