பூனையும் புது ஸோபாவும்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்தில் கால் வைத்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இவ்வளவு அழகான ஸோபாவுக்குப் பக்கத்தில் இது என்ன, கோணி சுற்றின கம்பம்?"

கேட்கட்டுமே! அந்தக் கம்பத்தைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. பெருமைக்குக் காரணம் எங்கள் ராஜாத்தி. வெட்கத்துக்குக் காரணம் நான். இரண்டையுமே சொல்லிவிடுகிறேன்.

ராஜாத்தி எங்கள் வீட்டுப் பூனை. தருமபுரிப் பக்கத்தில் பூனை வளர்ப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். கேழ்வரகை மூட்டையாக வாங்கி வைத்துவிட்டு, எலிக்குப் பயப்படாமல் தூங்க வேண்டுமானால் வீட்டில் ஒரு பூனை இருந்தே ஆக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன், ஓர் ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து எங்கள் பின்கட்டில் வந்து ஒதுங்கினாள் ராஜாத்தி. மழை விட்டது; அவள் விடவில்லை. ஒரு மாதத்துக்குள் எலிகள் வேறு ஜாகை பார்த்துக்கொண்டு போய்விட்டன. என் மாமியார்கூட, "பரவாயில்லை, தின்கிற சோற்றுக்கு வேலை செய்யுது" என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த ஸோபா வந்து சேருகிற வரையில்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் தன் முதல் போனஸில் வாங்கி அனுப்பியது அது. லாரியிலிருந்து இறக்கி உறையைப் பிரித்ததும் அத்தைதான் முதலில் உட்கார்ந்தார். துணியை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். "என் பேரன் சம்பாத்தியம்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம். அடுக்களையில் இருந்த என் காதில் "பர்... பர்..." என்று ஒரு சத்தம் விழுந்தது. ஓடி வந்து பார்த்தால், ராஜாத்தி பின்னங்காலில் நின்றுகொண்டு, முன்னங்கால் இரண்டையும் ஸோபாவின் இடது கையில் ஊன்றி, வெகு சுகமாகப் பிறாண்டிக்கொண்டிருக்கிறாள்! நாலு கோடுகள், ஒரு கோட்டில் உள்ளே இருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது.

அத்தையும் பார்த்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. பின்கட்டுக்குப் போய், கேழ்வரகு வந்த கோணி ஒன்றை உதறி எடுத்து வந்து என் முன்னால் போட்டார்.

"இதிலே போட்டுக் கட்டி, தொப்பூர்க் கணவாய்க்கு அந்தண்டை விட்டுட்டு வரச் சொல்லு உன் புருஷனை" என்றார்.

அந்தக் கோணியைப் பார்த்ததும் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. ஏனென்று அத்தைக்குத் தெரியாது. என் கணவருக்கே தெரியாது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. அம்மாவின் கல்யாணப் புடவை கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது நகத்தால் கிழித்துவிட்டது. கொண்டுபோய் விட்டுவிடுவதென்று அப்பா தீர்மானித்தார். ஆனால் பூனை யார் கைக்கும் அகப்படவில்லை. கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "நீ கூப்பிட்டால்தான் வரும், கூப்பிடு" என்றார் அப்பா. நான் கூப்பிட்டேன். அது இறங்கி வந்து என் காலில் முதுகை உரசியது. கோணியின் வாயை விரித்துப் பிடித்ததும் நான்தான். அப்பா சேலம் பஸ்ஸில் ஏறிப் போனார். கணவாய் தாண்டி இறங்கி, எங்கேயோ விட்டுவிட்டு மாலையில் வெறுங்கோணியோடு திரும்பி வந்தார். ஒரு வாரம் நான் வாசல் திண்ணையிலேயே படுத்துக்கொண்டேன். பூனை வரவில்லை.

இப்போது மறுபடியும் கோணி. நான் கூப்பிட்டால்தான் ராஜாத்தியும் வருவாள்.

"அத்தை, பதினைந்து நாள் தவணை கொடுங்கள். அதற்குள் இவளைத் திருத்தாவிட்டால் உங்கள் இஷ்டம்" என்றேன். அத்தை பதில் சொல்லவில்லை. கோணியை மடித்து, எல்லார் கண்ணிலும் படும்படி ஸோபாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

தவணை வாங்கிவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று எனக்கு ஒன்றுமே தெரியாது. முதல் நாள் செய்த காரியம், ஒரு குச்சியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினது. பலன்? ராஜாத்தி ஸோபாவை விடவில்லை, என்னைத்தான் விட்டாள். நான் கூடத்தில் இருந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், நான் அந்தண்டை போனதும் "பர்... பர்..." கேட்கும்.

அக்கம்பக்கத்து யோசனைகளுக்குக் குறைவில்லை. மிளகாய்ப் பொடியைத் தூவச் சொன்னார் ஒருவர். ஸோபா இடுக்கில் அந்துருண்டையும் கற்பூரமும் போட்டு வைக்கச் சொன்னார் ஒருவர். நீலகிரித் தைலத்தைத் தடவினால் கிட்டவே வராது என்றார் மூன்றாமவர். நல்ல வேளையாக, எதையும் செய்வதற்கு முன் கால்நடை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

"ஐயோ, அந்துருண்டை, கற்பூரம், நீலகிரித் தைலம் எல்லாமே பூனைக்கு விஷம். பூனை தன் உடம்பையும் பாதத்தையும் நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி. ஒட்டியதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். மிளகாய்ப் பொடி கண்ணைப் பாழாக்கும்" என்றார் அவர். அப்புறம் சிரித்துக்கொண்டே, "உங்கள் மேல் உள்ள கோபத்தில் பிறாண்டுகிறது என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

உண்மையில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பூனையின் நகம் உரை உரையாக வளருகிறது. மேல் உரை பழசானால் அதைக் கழற்றிப் போட, எதிலாவது பிறாண்டியே ஆக வேண்டும். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டி முறுக்கிக்கொள்ளவும் அதே காரியந்தான். இன்னொன்று நாம் யோசிக்காதது: பூனையின் பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிறாண்டும்போது அந்த வாசனை அங்கே ஒட்டிக்கொள்ளும். கோடுகள் கண்ணுக்கும் தெரியும். 'இது என் வீடு' என்று பூனை எழுதி வைக்கிற பட்டயம் அது! கடை வாசனையோடு புது ஸோபா ஒன்று கூடத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்தால், பூனை தன் கையெழுத்தைப் போடாமல் இருக்குமா?

"நகத்தையே எடுத்துவிட முடியாதா, டாக்டர்?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கேட்டது வாஸ்தவம்.

அவர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்துக்குக் கீழே உள்ள கணுவைத் தொட்டுக் காட்டினார். "பூனையின் நகம் கடைசி எலும்போடு சேர்ந்து வளருவது. நகத்தை எடுப்பதென்றால் இந்தக் கணுவோடு வெட்ட வேண்டும். முன்பாதம் ஒன்றுக்கு ஐந்து, பின்பாதம் ஒன்றுக்கு நாலு, ஆகப் பதினெட்டு விரல். முன்பாதங்களில் மட்டும் செய்தாலும் பத்து விரல். இஸ்ரேல் தேசத்தில் 2011-லேயே இதைத் தடை செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-ல் தடை செய்தது. நம் நாட்டில் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பிராணியை ஊனப்படுத்துவதே குற்றம்" என்றார்.

அந்தச் சட்டத்துக்கு வழி கோலியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவியவர் என்றுதான் அவரை நான் அறிந்திருந்தேன். 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட அவர், வாய் பேசாத ஜீவன்களுக்காக அங்கே ஒரு தனி நபர் மசோதாவைக் கொண்டு வந்தார். சர்க்காரே சட்டம் கொண்டு வருவதாகப் பிரதமர் நேரு உறுதி கூறியதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். சட்டமும் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவியும் அவர்தான். அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. தகுந்த காரணமில்லாமல் ஒரு பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவதும் குற்றம்.

இதை டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கோணியின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். பிறாண்டுவதை நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம். இதுதான் டாக்டரம்மா சொன்ன யுக்தி.

என் கணவர் முதலில் ஒரு மூங்கில் கழியை நட்டுத் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிக் கொடுத்தார். ராஜாத்தி ஒரு முறை கை வைத்தாள்; கழி சாய்ந்து அவள் மேலேயே விழுந்தது. நாலு நாள் அந்தத் திசைக்கே வரவில்லை. கம்பம் என்றால் ஆடக்கூடாது. பூனை முழு உடம்பையும் நீட்டிச் சாய்வதற்கு மூன்றடி உயரமாவது இருக்க வேண்டும். பின்கட்டில் பழைய வீட்டுத் தூண் துண்டு ஒன்று கிடந்தது. அதை ஒரு கனமான பலகையில் ஆணி அறைந்து நிறுத்தி, பலகையின் மேல் உடைந்த அம்மிக்கல்லைப் பாரமாக வைத்தோம். இந்தத் தடவை அசையவில்லை.

ஆனால் அதைக் கொண்டுபோய்க் கண்ணுக்கு மறைவாகப் பின்கட்டு மூலையில் வைத்தேன். ராஜாத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தாம் நாளும் போயிற்று. பட்டயத்தை நடுக்கூடத்தில்தானே எழுதுவார்கள்? மூலையில் யார் எழுதுவார்கள்? தூணைத் தூக்கி வந்து, அவள் பிறாண்டிய இடத்தை மறைத்தாற்போல் ஸோபாவின் இடது கைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். ஸோபாவின் கையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பழைய வாசனையைப் போக்கி, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டினேன். பாதத்தில் பிசுபிசுவென்று ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது, வலியும் இல்லை.

கயிறு போதவில்லை. தூணின் மேல் பாதி வெறும் மரமாக நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து அத்தை, "அந்தக் கோணியைச் சுத்தேன்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சொரசொரப்பா இருக்கும். அதுக்கும் பிடிக்கும்" என்றார், சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாக்கு ஊசியும் சணலும் எடுத்து வந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து தைத்தோம். தைக்கும்போது அந்தச் சாம்பல் பூனையின் கதையை அத்தையிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், "ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் ராஜாத்தி தூங்கி எழுந்தாள். ஸோபாவை முகர்ந்தாள். பாதத்தை வைத்தாள், சட்டென்று எடுத்து உதறினாள். பக்கத்தில் இருந்த தூணை அண்ணாந்து பார்த்தாள். நான் மூச்சு விடவில்லை. அவள் பாதத்தைப் பிடித்துத் தூணில் தேய்க்க வேண்டுமென்று கை பரபரத்தது. அப்படிச் செய்தால் மிரண்டுவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். சும்மா இருந்தேன். "பர்... பர்..." கோணியில்! உடனே ஒரு மீன் துணுக்கு. ஒகேனக்கல் மீன்தான், உப்பும் காரமும் போடாமல் வேக வைத்தது. நல்ல காரியம் செய்த அந்த நிமிஷத்திலேயே கொடுக்க வேண்டும். தாமதித்தால் எதற்கென்று பூனைக்குப் புரியாது.

பதினைந்தாம் நாள் வந்தது. தவணையைப் பற்றி அத்தை பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு மாதம் கழித்து டேப்பைப் பிய்த்துவிட்டேன்.

இப்போது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நகம் வெட்டுகிற படலமும் உண்டு. அவள் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது மடியில் போட்டுக்கொண்டு, பாதத்தை மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே வரும். வெளுப்பாக இருக்கும் கூரிய நுனியை மட்டுந்தான் வெட்டவேண்டும். உள்ளே ரோஜா நிறமாகத் தெரிவது ரத்தமும் நரம்பும் ஓடும் இடம். அங்கே கத்தரி படக்கூடாது. ஒரே நாளில் எல்லா விரலையும் முடிக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் காரியம் கெட்டது. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு.

ஸோபாவில் அந்த நாலு கோடுகள் இன்னும் இருக்கின்றன. துணி மாற்றிவிடலாம் என்று மகன் சொன்னான். அத்தைதான் வேண்டாமென்றார். "இருக்கட்டும். அதுவும் இந்த வீட்டுலே ஒரு ஆளுதானே? கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

சாயங்காலங்களில் அத்தை ஸோபாவில் உட்காருகிறார். கோணித் தூணில் ராஜாத்தி நிமிர்ந்து நின்று முதுகை நீட்டிப் பிறாண்டிவிட்டு, நான் கூப்பிட்டதும் வந்து என் காலில் உரசுகிறாள். கூப்பிட்டதும் வருகிறதே என்று இப்போது எனக்குப் பயமாக இல்லை.