கப்பலுடைந்தோரின் அன்னை



பிரான்சின் மேற்குக் கோடியில், பிரெத்தாஞ் பகுதியின் புவான்ட் து ரா என்னும் கடல்முனைக்குக் கடந்த வாரம் நம் பங்கினர் சிலருடன் சென்றிருந்தேன். ஏறத்தாழ 70 மீட்டர் உயரப் பாறைகள். எதிரே 1887இல் ஒளியேற்றப்பட்ட லா வியேய் கலங்கரை விளக்கம். அதற்கப்பால் சேன் தீவு. இடைக்கடலில் நீரோட்டங்கள் மோதிச் சீறுகின்றன. எத்தனையோ கப்பல்களை விழுங்கிய நீர் அது. அருகிலுள்ள குடாவின் பெயரே இறந்தோர் குடா.

பாறைமேட்டில் 1904இல் நிறுவப்பட்ட வெண்பளிங்குச் சுரூபம்: கப்பலுடைந்தோரின் அன்னை. காலடியில் கிடக்கும் மாலுமிக்குக் குழந்தை இயேசுவைக் காட்டி நிற்கிறார்.

அங்கே நெடுநேரம் நின்ற ஒரு சகோதரி கேட்டார்: "சுவாமி, எங்கட தம்பியின்ர படகு கவிழேக்க இந்த மாதா எங்க நிண்டவா?"

என்னிடம் விடை இல்லை. செபமாலையை எடுத்தேன். காற்றின் இரைச்சலுக்கிடையே இருவரும் செபித்தோம்.

திரும்பும் வழியில் அவரே மெல்லச் சொன்னார்: "அவவும் பிள்ளையைப் பறிகுடுத்தவாதானே, சுவாமி."

நவம்பர் பிறக்கிறது. கடலில் மறைந்து, கல்லறையும் காணாத உங்கள் உறவுகளின் பெயர்களை எழுதித் தாருங்கள். இறந்தோர் நினைவுத் திருப்பலியில் ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசிப்போம்.

இறையாசீர் உங்களோடு.